போவது லேசு

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் குளிர் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், உதகமண்டலத்துக்காரர் சிரிப்பார். தில்லியில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவரோ சிரிக்கவும் மாட்டார். போர்வையை உதறிப் போட்டுவிட்டு மின்விசிறியைச் சுழல விடுவார். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 14 டிகிரியை ஒட்டித்தான். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய சமாசாரம். சாதாரணமாக மார்கழி விடியலில் 20 டிகிரி என்றாலே நாங்கள் காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு, "என்ன குளிர், என்ன குளிர்!" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறவர்கள். கொளவாய் ஏரியின் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்து, அந்தப் பக்கம் போகும் ரயிலின் சத்தம் மட்டும் கேட்டு ரயில் தெரியாமல் போகும் நாட்கள் வருஷத்தில் ஏதோ சில வரும். அவ்வளவுதான் எங்கள் குளிர்காலம்.

இந்தச் சின்னக் குளிரைப் பற்றி நான் அக்கறையோடு யோசிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் என் தம்பி மகன். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரோன் விடுவான். அது ஒன்றுதான் அவனுக்கு உள்ள வியாதி. பல மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து வாங்கியது. கையில் எடுத்தால் ஒரு மாம்பழத்தின் கனம். 250 கிராமுக்கு உட்பட்டது. நான்கு விசிறிகள், ஒரு காமிரா, ஒரு பாட்டரி. மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். விரித்துத் தரையில் வைத்து விசையைத் தொட்டால், தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஓர் இரைச்சலோடு எழும்பி, நாம் அண்ணாந்து பார்ப்பதற்குள் புள்ளியாகிவிடும்.

மார்கழி பிறந்துவிட்டால் இந்தப் பையன் ஒரு காரியம் செய்வான். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, இரண்டு பாட்டரிகளையும் ஒரு பழைய துணியில் சுற்றி, ஸ்வெட்டருக்கு உள்ளே வயிற்றோடு அணைத்துக் கட்டிக்கொள்வான். அதற்கு மேல்தான் மோட்டார் சைக்கிள். அவன் தாயார் பார்த்துவிட்டு, "பச்சைக் குழந்தையைத் தூக்கிண்டு போற மாதிரி இருக்குடா!" என்று ஒரு நாள் சொன்னாள். "குழந்தைதாம்மா. குளிர்ல விட்டா சுணங்கிப் போயிடும்" என்றான் அவன், கொஞ்சமும் சிரிக்காமல்.

அது வேடிக்கைப் பேச்சில்லை. இந்த யந்திரங்களில் இருப்பது லித்தியம் பாட்டரி. அதற்குள்ளே ஒரு திரவமோ கூழோ இருக்கிறது. மின்சாரம் வெளியே ஓட வேண்டுமானால், உள்ளே லித்தியம் அணுக்கள் மின்னேற்றத்தோடு அதன் வழியாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போக வேண்டும். குளிர ஆரம்பித்தால் அந்தத் திரவம், தை மாதத்துத் தேங்காயெண்ணெய் மாதிரி, தடித்துப்போகிறது. நீச்சல் மந்தமாகிறது. பாட்டரியில் சரக்கு இருக்கும். ஆனால் கேட்ட வேகத்தில் கைக்கு வராது. விசிறிகளோ ஆகாயத்தில் நின்றபடி "கொடு, கொடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முழுக்க நிரம்பிய ஓர் அறையில் 4.2 வோல்ட் இருக்க வேண்டும். குளிரில் அதை அவசரப்படுத்தினால் அழுத்தம் படீரென்று சரிகிறது. பெட்டிக்குள்ளே பணம் இருந்தும் சாவி திரும்பாத கதைதான்.

இதை அவன் கற்றது எங்கள் ஊரில் அல்ல, உதகமண்டலத்தில். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில், நண்பனுடைய சொந்தத் தோட்டத்தில், புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்திருந்த ஒரு காலையில் ட்ரோனை ஏற்றியிருக்கிறான். இராத்திரி முழுவதும் காருக்குள்ளே கிடந்த பாட்டரி. திரையில் அறுபது சதவீதம் என்று காட்டிய கணக்கு, ஒரு நிமிஷத்துக்குள் முப்பதுக்கு இறங்கிவிட்டதாம். உதகை கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 2,240 மீட்டர். அங்கே காற்றே கொஞ்சம் மெலிசு. விசிறிகள் கூடுதலாக உழைக்க வேண்டும். அதோடு குளிரும் சேர்ந்துகொண்டது. எப்படியோ பத்திரமாக இறக்கிவிட்டான். அன்றையிலிருந்துதான் இந்த வயிற்றோடு அணைக்கும் பழக்கம். எங்கள் ஊர்க் குளிருக்கு இது அதிகப்படி என்று அவனுக்கே தெரியும். இங்கே குளிரால் குறைவது ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கலாம். அதற்கு மேல் இராது. ஆனால் ஒரு தடவை பயந்தவன் பயந்தவன்தான்.

குளிரைப் பற்றி நல்ல வார்த்தையும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சித்திரை வெயிலில் காய்ந்து உப்பிக் கிடக்கும் காற்றைவிட, மார்கழிக் காற்றில் விசிறிக்கு நல்ல பிடி கிடைக்கும். ஆகாயமும் மத்தியானத்துப் புழுதியும் கானலும் இல்லாமல் துலக்கமாக இருக்கும். படம் பிடிக்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தூக்கத்தைத் தியாகம் செய்கிறார்கள்.

அவனோடு நானும் சில நாள் போயிருக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். திருக்கழுக்குன்றத்து மலையைத் தாண்டும்போது எனக்கு அந்த இரண்டு கழுகுகளின் நினைவு வரும். நாள் தவறாமல் நண்பகலில் வந்து, குருக்கள் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்று பெயர் பெற்றவை. அவை வருவது நின்று பல வருஷங்களாகிவிட்டன. வரவேண்டியது வராமல் போவது எப்படி என்பதை அந்த மலை பார்த்திருக்கிறது.

கடற்கரையில் எங்கே வேண்டுமானாலும் ட்ரோன் விட்டுவிட முடியாது. 2021 ஆகஸ்டில் வந்த மத்திய சர்க்கார் விதிகள் நாட்டின் ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடம் போட்டன. பச்சையில் 120 மீட்டர் உயரம் வரைக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிவப்பில் சர்க்காருடைய அனுமதியில்லாமல் கூடாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. ஊருக்குள்ளேயோ கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே துறையின் அனுமதி வேண்டும். ஆகவே பையன் வரைபடத்தைப் பார்த்து, வடக்கே ஒரு குப்பத்தைத் தாண்டியுள்ள வெறும் மணல்வெளியைத் தேர்ந்தெடுத்திருந்தான். பெயரை எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

எங்கள் கரையில் குளிர் என்பது பாட்டரிக்குள் இல்லை, காற்றில் இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த மணலில்தான்.

தை மாதத்து முதல் வாரம். விடிந்து கொஞ்ச நேரம். இலை அசையவில்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நான்கைந்து படகுகள் வலையோடு நின்றன. சூரியன் அவற்றுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தான். பையனுக்குக் கை துறுதுறுத்தது. வயிற்றிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு பாட்டரியை எடுத்துப் பொருத்தி, ட்ரோனை ஏற்றினான். நூறு மீட்டர் உயரத்துக்குப் போய், கடல் பக்கம் திரும்பிப் பறந்தது. அன்றைக்கு அதற்கு இருந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! "பெரியப்பா, என்ன வேகமா போறது பாருங்கோ!" என்றான்.

பக்கத்தில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். அவர் ட்ரோனைப் பார்க்கவில்லை. குப்பத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, போறது லேசா இருக்குதேன்னு பாக்காதே. கரைக்காத்து தள்ளிக்கினு போவுது. திரும்பி வரணுமில்ல?" என்றார்.

"காத்தே இல்லையே, ஐயா?" என்றேன் நான்.

"கீழ இல்ல. மேல கீது. அந்தப் பொகையப் பாருங்க."

பார்த்தேன். குப்பத்தில் ஏதோ ஒரு வீட்டு அடுப்புப் புகை, கம்பம் நட்டது போல் நேராக எழும்பியது. தென்னை உயரத்துக்கு மேலே போனதும் யாரோ கையால் மடித்த மாதிரி படுத்துக்கொண்டு, அப்படியே கடலை நோக்கி வழிந்தது.

பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். குளிர்ந்த இராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது, கடல் ஆறுவதில்லை. அதனால் நிலத்துக் குளிர்காற்று கடலை நோக்கி நகர்கிறது. தரையை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்து, கனத்துப்போய், அசையாமல் படிந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள காற்று தரையின் உராய்வு இல்லாமல் தன்பாட்டுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே நிற்கிறவனுக்கு மப்ளரின் நுனிகூட அசையாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் இரண்டும் கலக்கும். கட்டுமரக் காலத்திலிருந்து பாய் விரித்தவர்கள் இந்தக் காற்றில்தான் விடியலில் கடலுக்குப் போனார்கள். பிற்பகலில் கடல்காற்று எழும், அதில் திரும்பினார்கள். போகவும் வரவும் அவர்களுக்கு இரண்டு காற்றுகள் இருந்தன. இருபது சில்லறை நிமிஷ ஆயுளுள்ள ட்ரோனுக்குப் பிற்பகல் வரைக்கும் காத்திருக்க ஏது வழி?

கணக்காகவே பார்த்துவிடலாம். ட்ரோன் விநாடிக்கு 10 மீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே காற்று விநாடிக்கு 7 மீட்டர். போகும்போது இரண்டும் கூடி 17. அரைக் கிலோமீட்டரை அரை நிமிஷத்தில் கடந்துவிடும். வரும்போது பத்தில் ஏழு போக மிச்சம் மூன்றுதான். அதே அரைக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். போவதற்குச் செலவானதைப் போல் ஆறு மடங்கு. இந்தக் கணக்கை மணலில் நின்றுகொண்டு, கையில் பிசுபிசுக்கும் விசைப்பெட்டியோடு, போடத் தோன்றாது.

பையன் ட்ரோனைத் திருப்பினான். அது திரும்பியது, ஆனால் வரவில்லை. திரையில் தூரம் குறையவே இல்லை. அவன் முகம் மாறிற்று. "வீட்டுக்குத் திரும்பு" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் யந்திரம் தானே வழி கண்டுபிடித்துப் புறப்பட்ட இடத்துக்கு வந்து இறங்கும். அவன் அதை அமுக்கினான். அந்தப் பொத்தானுக்கு ஒரு சுபாவம்: மரம், கட்டடம் எதிலும் மோதாமலிருக்க, குறிப்பிட்ட உயரத்துக்கு முதலில் ஏறிக்கொண்டுதான் திரும்பும். ட்ரோன் இன்னும் மேலே ஏறியது. மேலே காற்று இன்னும் பலமாக இருந்தது. பின்பக்கமாகவே நகர்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "மேல போவாதே தம்பி. எறக்கு. தண்ணிய ஒட்டிக் கொண்டாந்துடு. கீழ காத்து கம்மி."

பையன் ஒரு விநாடி தயங்கினான். தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்குவது என்றால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் வேறு வழி தெரியவில்லை. பொத்தானின் பிடியை விலக்கி, தானே விசையை எடுத்துக்கொண்டு இறக்கினான். அறுபது மீட்டர், நாற்பது, இருபது. அலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் வந்ததும், இழுத்துக் கட்டிய கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டது போல் அது முன்னால் வந்தது. எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஈர மணலைத் தொட்டபோது பாட்டரியில் ஒன்பது சதவீதம்.

பையன் கொஞ்ச நேரம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். பெரியவர் மறுபடி வலையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடவாதது போல், "இன்னா வெலை தம்பி அது?" என்று கேட்டார். விலையைச் சொன்னதும், "அடேயப்பா! அதுக்கு ஒரு வலையே வாங்கலாமே!" என்றார்.

அன்றைக்கு வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயே இருந்தோம். தெற்கே மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. கல்லால் ஆன அந்தக் கோபுரம் 1904-லிருந்து விளக்கேற்றி வருகிறது. அதற்கு முன்னால் பக்கத்துப் பாறையின் மேலுள்ள பல்லவர் கோயிலின் உச்சிதான் விளக்கு வைக்கும் இடமாக இருந்தது. அந்தக் கோயிலுக்கு உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில் என்று பெயர். தினமும் உழக்கு எண்ணெய் வாங்கி விளக்கெரித்ததால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயரில் ஒரு பிரியம். கலங்கரை விளக்கு என்பது முக்கியமாகக் கரைக்குத் திரும்புகிறவனுக்காக ஏற்படுத்தியது. திரும்புகிறவனுக்காக என்று ஒரு கோயிலில் தினமும் உழக்கு எண்ணெயை அளந்து தனியாக எடுத்து வைத்தார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய யோசனை!

இதே யோசனையைச் செவ்வாய்க் கிரகம் வரைக்கும் கொண்டுபோனவர் ஒருவர் உண்டு. அவரும் நம் பக்கத்துப் படிப்பாளிதான். சென்னை ஐ.ஐ.டி.யில் 1980-ல் பட்டம் பெற்ற பாப் பலராம், அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக 'இன்ஜெனுயிட்டி' என்ற சிறு ஹெலிகாப்டரைத் திட்டமிட்ட தலைமைப் பொறியாளர். எடை 1.8 கிலோ. ஆறு லித்தியம் அறைகள். செவ்வாயில் இராத்திரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 90 டிகிரி வரைக்கும் போகும். பகலில் சூரிய ஒளியிலிருந்து சேர்த்த மின்சாரத்தில் பெரும்பகுதியை அது பறப்பதற்குச் செலவழிக்கவில்லை. இராத்திரியில் தன்னைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளச் செலவழித்தது. மிச்சத்தில்தான் பறந்தது. 2021 ஏப்ரல் 19-ல் முதல் தடவை எழும்பியபோது மூன்று மீட்டர் உயரம், 39 விநாடி. ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 2024 ஜனவரி 18 வரைக்கும் 72 தடவை பறந்தது. என் தம்பி மகன் ஸ்வெட்டருக்குள் செய்கிற காரியத்தைத்தான் அது தனியாக, தாயார் பரிகாசம் செய்ய ஆளில்லாத இடத்தில், செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஜில்லாவின் ஆகாயமும் கரையும் நமக்கு மட்டும் சொந்தமல்ல. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வேடந்தாங்கல் ஏரியின் கடப்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே ஒரு ட்ரோன் தலைக்கு மேலே இரைந்தால், பருந்து வந்துவிட்டது என்று தாய்ப்பறவைகள் கூட்டைவிட்டு எழும்பும். அந்தச் சில நிமிஷத்தில் காக்கை வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்குமுள்ள மணலிலோ தை, மாசி, பங்குனி இராத்திரிகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை ஏறுகின்றன. எந்தக் கடற்பகுதியில் பிறந்தனவோ அதே பகுதிக்குப் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிற ஜீவன்கள் அவை. வெளிச்சம் கண்டால் மிரண்டு, முட்டையிடாமலே கடலுக்குள் போய்விடும். நம்முடைய அரை மணி விளையாட்டுக்காக ஒரு ஜீவனின் திரும்பி வரும் பயணத்தை வீணாக்குவது நியாயமா? பையன் இந்த விஷயத்தில் சுத்தம். இருட்டில் ட்ரோனைத் தொடுவதில்லை. வேடந்தாங்கலுக்குப் போனால் கண்ணால்தான் பார்க்கிறான்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவனுடைய வழக்கம் மாறிவிட்டது. விடியலில் ட்ரோனை ஏற்றியதும் முதலில் தலைக்கு மேலேயே சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறான். பாட்டரி உடம்பு சூடேறட்டும் என்று. அதற்குள் எங்காவது புகை தெரிகிறதா என்று பார்க்கிறான். பிறகு கடல் பக்கம் போவதில்லை. எதிர்க்காற்றைப் பார்த்து, மேற்கே, நிலத்துப் பக்கம் போகிறான். போகும்போது சிரமம், பாட்டரி நிறைந்திருக்கும்போது அந்தச் சிரமத்தைப் பட்டுவிடுகிறது. தளர்ந்து திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடுகிறது. பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே திருப்பிவிடுகிறான். "இன்னும் நிறைய இருக்கேடா?" என்று நான் ஆசை காட்டினாலும் கேட்பதில்லை.

வேலைக்குப் போய், சம்பாதித்து, ஊர் விட்டு ஊர் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. காற்று முதுகில் அடிக்கும் நாட்களில் எல்லோரும் கெட்டிக்காரர்களாகத்தான் தெரிகிறோம். அந்த வேகத்தில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு காற்றினுடையது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் சிலர்தான்.

சூரியனுக்கு முன்னால் நிற்கும் படகுகளின் படம் அவனுக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் வேறு படம் கிடைத்தது. மேற்கே, சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால் பக்கிங்ஹாம் கால்வாய் வெள்ளிக் கம்பி போல் நீண்டு கிடக்கிறது. இந்தப் பக்கம் பனியில் பாதி முழுகிய குப்பம். அதன் நடுவிலிருந்து ஒரு புகை நேராக எழும்பி, ஓர் உயரத்தில் மடிந்து, கடலைப் பார்த்துப் படுத்திருக்கிறது. பையன் அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்தான். அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார்.

"எங்க ஊட்டு அடுப்புதான்" என்றார்.